மேலே ஆயிரம் அடி, பக்கத்தில் ஐந்து மைல்

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் சிலர் இதைப் பார்த்திருப்பார்கள். வெளியே வெறும் நீலம். திடீரென்று கீழே ஒரு விமானம் எதிர்த்திசையில் வெள்ளிக் கீற்றாகப் போகும். பக்கத்தில் இருப்பவரிடம் ‘அதோ பாருங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடும். இவ்வளவு பெரிய வானத்தில் இவ்வளவு பக்கத்திலா என்று அடிவயிற்றில் ஒரு சிறு கலக்கம் வரும். கலங்க வேண்டியதில்லை. அந்த விமானம் நமக்குச் சரியாக ஆயிரம் அடி கீழே போக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் அடி என்பது ஏறத்தாழ 300 மீட்டர். ஒரு தெருவின் நீளம்.

விமானத் துறையில் இதைச் ‘செப்பரேஷன்’ என்பார்கள். நாம் பிரிப்பு இடைவெளி என்று சொல்லிக்கொள்ளலாம். 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரையிலான உயரங்களில் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே குறைந்தது ஆயிரம் அடி இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் என்றால், ரேடார் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில், பக்கவாட்டில் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமான நிலையத்தை நெருங்கும்போது இது 3 கடல் மைலாகக் குறையலாம். பெரும்பாலான நாடுகளில் கிழக்கே போகிறவற்றுக்கு 33,000, 35,000, 37,000 என்று ஒற்றைப்படை உயரம். மேற்கே போகிறவற்றுக்கு இரட்டைப்படை. உயரம், தூரம் இரண்டில் ஒன்று கையில் இருந்தால் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போவதைத்தான் தரையில் ரேடார் திரைமுன் உட்கார்ந்திருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தடுக்கிறார்.

இந்த ‘உயரம்’ என்னவென்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்துவிடலாம், பின்னால் தேவைப்படும். விமானத்தின் வழக்கமான உயரமானி உயரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது காற்றின் அழுத்தத்தை. காற்று புகாமல் மூடிய ஒரு மெல்லிய உலோகக் குப்பி. மேலே போகப் போக வெளியே அழுத்தம் குறைவதால் அது உப்பும். அந்த உப்பலை முள்ளாகவோ எண்ணாகவோ மாற்றிக் காட்டுகிறார்கள். நிஜ அழுத்தம் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும் என்பதால் உயரே பறக்கும் எல்லா விமானிகளும் தங்கள் கருவியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே 35,000 என்று காட்டும்போது விமானம் உண்மையில் 35,000 அடியில் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. எல்லாருடைய கருவியும் ஒரே மாதிரிப் பிழையாக இருக்கும்வரை நடுவில் உள்ள இடைவெளி கெடாது. ஊரில் உள்ள எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் பிந்தி ஓடினால் யாரும் பஸ்ஸைத் தவறவிடப்போவதில்லை என்பதைப் போல.

இத்தனை ஏற்பாடு எதற்கு, எதிரே வருவதைப் பார்த்து விலகிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். ஆரம்ப காலத்தில் அதுதான் விதி: பார், விலகு. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தபோது அந்த விதியின் லட்சணம் தெரிந்துபோயிற்று. எதிரெதிரே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு ஜெட் விமானங்கள் நொடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. 10 கிலோமீட்டர் தொலைவில் கண்ணில் பட்டாலும் மிச்சம் இருப்பது 20 நொடி. அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. மோதப்போகிற விமானம் கண்ணாடியில் நகர்வதே இல்லை. நெடுஞ்சாலையில் போகும்போது குறுக்குச் சாலையில் வரும் லாரி நம் கண்ணாடியில் முன்னே நகர்ந்தால் அது முந்திவிடும். பின்னே நகர்ந்தால் நாம் முந்திவிடுவோம். அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் ஆபத்து. வானத்திலும் அப்படித்தான். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று கண்டுகொள்ளும். மோதாமல் விலகிப்போகிற விமானங்கள் எளிதாகத் தென்படும். மோதப்போவது மட்டும் கண்ணாடியில் ஒட்டிய தூசி போலக் கடைசிவரை அப்படியே இருக்கும்.

இது நினைவில் இருக்கட்டும். ஏனென்றால் இந்தப் பழைய விதி இன்னும் ஓய்வு பெறவில்லை.

வானத்தைப் பங்கு போடுவது

பயணிகள் விமானத்தின் பாதுகாப்பு, அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே போவதில் இருக்கிறது. போர் விமானத்தின் பாதுகாப்பு, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதில். ஒன்று கோடு போட்ட வழியில் நேரப்படி போகும். மற்றொன்று சில நொடிகளில் ஆயிரக்கணக்கான அடி ஏறும், இறங்கும், புரளும். போர்க்காலத்தில் செய்ய வேண்டியதை அமைதிக்காலத்தில்தான் பழக வேண்டும். ஆக, இந்த இரண்டு சுபாவங்களும் ஒரே வானத்தைத்தான் பகிர்ந்துகொண்டாக வேண்டும். 1971-இல் இரண்டே மாத இடைவெளியில் இதற்கு இரண்டு பயங்கரமான உதாரணங்கள் கிடைத்தன. ஜூன் 6 அன்று கலிபோர்னியாவில் அமெரிக்க மரைன் படையின் பேண்டம் போர் விமானம் ஒன்று பயணிகள் விமானத்தின்மேல் மோதியது. 50 பேர் இறந்தார்கள். போர் விமானத்தில் தன் இருப்பைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யவில்லை. ஜூலை 30 அன்று ஜப்பானில் ஷிசுகுயிஷி ஊரின் மேலே, பயிற்சியில் இருந்த சேபர் போர் விமானமும் ஒரு போயிங் 727 விமானமும் மோதின. போயிங்கில் இருந்த 162 பேரும் இறந்தார்கள். போர் விமானி பாராசூட்டில் தப்பினார்.

இதற்கு வழக்கமான தீர்வு, வானத்தைக் கட்டம் கட்டி இது உனக்கு, இது எனக்கு என்று பிரிப்பது. இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார். சண்டைக்குப் பழக இடம் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் ஒருபக்கம் கட்டம் பெரிதானால் மறுபக்கம் நெரிசல். அதன் விலை என்னவென்று 1996-இல் இந்தியா பார்த்தது.

அன்று டெல்லியைச் சுற்றியுள்ள வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்தது. பயணிகள் விமானங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழி. வருவதும் அதிலேதான், போவதும் அதிலேதான். நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து சவூதி அரேபியாவுக்குக் கிளம்பிய போயிங் 747 அந்த வழியில் ஏறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து வந்த இலியூஷின்-76 அதே வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர் 14,000 அடியில் நிற்க வேண்டும். இறங்குகிறவர் 15,000 அடியில் நிற்க வேண்டும். நடுவில் ஆயிரம் அடி. எதிரே 747 வருகிறது என்று கஜக் விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் சொல்லவும் செய்தார். ஆனால் அவருடைய பழைய ரேடார் திரையில் விமானம் எங்கே என்பது புள்ளியாகத் தெரியும். எந்த உயரம் என்பது தெரியாது. விமானி சொல்வதுதான் உயரம்.

அந்தக் கஜக் விமானத்தில் கட்டுப்பாட்டாளரோடு பேசியவரோ விமானியே அல்ல. சோவியத் பழக்கப்படி அதற்கென்று ஒரு வானொலி அலுவலர் இருந்தார். அவர் முன்னே தனியாக உயரமானி கிடையாது; விமானிகளின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலக் கட்டளையைப் புரிந்துகொள்வதிலும் கோளாறு இருந்தது. விமானம் 15,000-இல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேலே, மேகத்துக்குள் இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தப் பக்கமாக வந்த அமெரிக்க விமானப்படைச் சரக்கு விமானத்தின் குழுவினர், மேகம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்ததைப் பார்த்து டெல்லிக்குச் சொன்னார்கள்.

நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணை, அனுமதித்த உயரத்துக்குக் கீழே கஜக் விமானம் இறங்கியதே காரணம் என்றது. சரிதான். ஆனால் ஒரு மனிதர் ஓர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் 349 உயிர் போகும்படி வழியை அமைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. அதற்கான பதிலைத் தீர்ப்பில் அல்ல, அப்புறம் நடந்ததில்தான் பார்க்கலாம்: வருவதற்கும் போவதற்கும் டெல்லியில் தனித்தனி வழிகள் வந்தன, மோதல் தவிர்ப்புக் கருவி இல்லாத பெரிய விமானங்கள் இந்தியாவுக்குள் பறக்கக் கூடாது என்றானது.

பேசிக்கொள்ளும் பெட்டிகள்

அந்தக் கருவியின் பெயர் டிகாஸ். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர்தான் இதற்கு மூச்சு. ஒவ்வொரு விமானத்தின் டிகாஸும் நொடிக்கு ஒருமுறை என்கிற கணக்கில் சுற்றிலும் ‘யார் அங்கே?’ என்று கேட்கும்; மற்ற விமானங்களின் டிரான்ஸ்பாண்டர் ‘நான்தான், இந்த உயரத்தில் இருக்கிறேன்’ என்று பதில் தரும். பதில் வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும், நெருங்கும் வேகத்தையும் கணக்கிடும். முட்டுவதற்குச் சுமார் 40 நொடி இருக்கும்போது ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். 25 நொடி அளவுக்கு வந்துவிட்டால் எச்சரிக்கை கட்டளையாக மாறும். இதில்தான் அழகு: இரண்டு விமானத்தின் பெட்டிகளும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒருவருக்கு ‘கிளைம்ப்’ என்றும் மற்றவருக்கு ‘டிஸெண்ட்’ என்றும் சொல்லும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. தரையில் இருக்கும் எந்த மனிதரையும் அது கேட்பதில்லை.

கேட்காததே சிக்கலும் ஆயிற்று. பெட்டி ஏறு என்கிறது, தரையில் இருந்து மனிதர் இறங்கு என்கிறார். விமானி யார் பேச்சைக் கேட்பது? 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இந்தக் குழப்பத்தில் இரண்டு பெரிய விமானங்கள், மொத்தம் 677 பேருடன், மயிரிழையில் தப்பின. அந்தப் படிப்பினை உலக விதியாக மாறும் முன்பே 2002 ஜூலை 1 இரவு வந்துவிட்டது. ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே 36,000 அடியில், உஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த ரஷ்ய விமானமும் ஒரு சரக்கு போயிங்கும் நெருங்கின. பெட்டி ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது. சூரிச்சில் இருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். அவர்கள் மனிதர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானம் பெட்டியின் பேச்சைக் கேட்டு இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். 52 பேர் குழந்தைகள்.

அந்தக் கட்டுப்பாட்டாளரைக் குற்றம் சொல்வதற்குமுன் அவர் உட்கார்ந்திருந்த அறையைப் பார்க்க வேண்டும். கூட இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார்; அது அங்கே நெடுநாள் வழக்கம், நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. ஒரே ஆள், இரண்டு திரைகள். பராமரிப்புப் பணிக்காக ரேடாரின் முக்கிய எச்சரிக்கை வசதியும் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. பக்கத்து ஜெர்மன் மையமான கார்ல்ஸ்ரூவேயில் இருந்தவர்கள் ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்துவிட்டுச் சூரிச்சுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் முயன்றார்கள். கிடைக்கவில்லை.

பெட்டியும் மனிதரும் முரண்பட்டால் பெட்டியின் பேச்சையே கேட்க வேண்டும் என்று பிறகு தெளிவாக விதி செய்தார்கள். ஆனால் பெட்டிக்குப் பேச எதிரே இன்னொரு பெட்டி வேண்டும். 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் ஒரு சிறிய லெகஸி ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர், விமானிகளுக்குத் தெரியாமலே, அனுப்புவதை நிறுத்திவிட்டது. பிரேசிலில் வான் கட்டுப்பாடு விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. அவர்களும் அதை உரிய நேரத்தில் சரிசெய்யவில்லை. எதிரே அதே வழியில், அதே 37,000 அடியில் வந்த போயிங் 737-க்கு அந்த ஜெட் கண்ணுக்குத் தெரியாத பேயாகிவிட்டது. லெகஸியின் இறக்கை நுனி போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது. 154 பேர் அமேசான் காட்டில் விழுந்து இறந்தார்கள். லெகஸி பத்திரமாக ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது.

இந்த விபத்தில் வேறு ஒரு வேடிக்கையும் இருக்கிறது, கசப்பான வேடிக்கை. செயற்கைக்கோள் வழிகாட்டுதல் வராத காலத்தில் விமானங்கள் வானவழியில் கொஞ்சம் இடமும் வலமுமாக அலைந்துகொண்டுதான் போகும். உயரத்தில் தவறு நேர்ந்தாலும் அந்த அலைச்சலே காப்பாற்றிவிடும். இப்போது வழியின் நட்டநடுக் கோட்டில் இம்மி பிசகாமல் பறக்கிறார்கள். உயரம் தவறினால் நேருக்கு நேர்தான். அதனால்தான் பெருங்கடல் வழிகளில், வேண்டுமென்றே நடுக்கோட்டிலிருந்து ஒன்று இரண்டு கடல் மைல் வலப்பக்கம் விலகிப் பறக்க அனுமதி இருக்கிறது. துல்லியத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதிலிருந்து தப்பிக்க ஒரு வழியையும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்தச் செயற்கைக்கோள் சமிக்ஞையையே போலியாக அனுப்புகிறார்கள். ட்ரோன்களைக் குழப்ப ராணுவங்கள் செய்யும் வேலை, அவ்வழியே போகும் பயணிகள் விமானத்தின் கருவியையும் ஏமாற்றுகிறது. 2023 முதல் இராக், ஈரான் பகுதிகளில் இது கூடியது. 2025 நவம்பரில் டெல்லி அருகிலும் விமானிகள் புகார் செய்தார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எழுபத்தைந்து அடி

2025 ஜனவரி 29. இரவு 8.48-ஐ ஒட்டிய நேரம், வாஷிங்டன் நகர். பொடோமாக் ஆற்றங்கரையில் இருக்கும் ரீகன் விமான நிலையத்தை நோக்கி, கான்சாஸின் விச்சிட்டாவிலிருந்து 64 பேருடன் ஒரு சிறிய ஜெட் இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான ஓடுபாதைக்குப் பதில் 33-ஆம் ஓடுபாதையில் இறங்க முடியுமா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டார்கள், விமானிகள் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு ஆற்றின் கிழக்குக் கரைப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். அதே கிழக்குக் கரையை ஒட்டி ஹெலிகாப்டர்களுக்கென்று வரைபடத்தில் ஒரு வழி உண்டு. அதில் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஒன்று, மூன்று பேருடன், இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்த பயிற்சிப் பறத்தலில் வந்துகொண்டிருந்தது.

அந்த ஹெலிகாப்டர் வழிக்கு உச்ச உயரம் 200 அடி. ஜெட் இறங்கும் சரிவு ஆற்றங்கரையைக் கடக்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது எழுபத்தைந்து அடி என்று விசாரணை கணக்கிட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் ஆயிரம் அடிக்கு நாம் பயந்தோம். இங்கே எழுபத்தைந்து. அதுவும் எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால்.

அந்தக் காற்றழுத்த உயரமானியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விசாரணையாளர்கள் அதே வகை மூன்று ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, தரைக்கு அலை அனுப்பி அளக்கும் ரேடார் உயரமானிக்கும் காற்றழுத்த உயரமானிக்கும் 80 முதல் 130 அடி வரை வித்தியாசம் வந்தது. முப்பதாயிரம் அடியில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இடைவெளியே எழுபத்தைந்து அடி என்னும் இடத்தில் அந்தப் பிழை இடைவெளியைவிடப் பெரியது. மோதும்போது ஹெலிகாப்டர் இருந்தது 278 அடியில்.

ஒவ்வொரு தடுப்பும் எப்படி நழுவியது என்று பாருங்கள். ஜெட்டின் டிகாஸ் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்றது. ஆனால் ஏறு, இறங்கு என்ற கட்டளையைத் தரவில்லை. தரைக்கு அருகே, ஆயிரம் அடியை ஒட்டி, அந்த வசதியை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறார்கள். தரையில் முட்டும்படி ஒருவரை இறங்கச் சொல்லிவிடக் கூடாதல்லவா. தன் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிவிக்கும் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு ஹெலிகாப்டரிலிருந்து வரவில்லை. ராணுவத்துக்கு அதில் விலக்கு இருந்தது. கோபுரத்தில் ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் ஒரே கட்டுப்பாட்டாளர் கவனித்துக்கொண்டிருந்தார். ஜெட்டின் பின்னால் போகும்படி அவர் ஹெலிகாப்டரிடம் சொன்னார். அதே கணத்தில் ஹெலிகாப்டரில் மைக் பொத்தான் ஒரு நொடிக்கும் குறைவாக அழுத்தப்பட்டிருந்ததால் அந்தச் சொற்கள் அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம்.

எல்லாம் நழுவியபின் கடைசியில் நின்றது எது? பார், விலகு. விமானம் தெரிகிறதா என்று கோபுரம் கேட்டது. தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டர் சொன்னது. நகரத்து விளக்குகள் பின்னணியில் மினுங்கும் இரவில், பச்சை நிறக் குறுகிய பார்வையில், வரிசையாக இறங்கும் விளக்குகளில் எந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்களோ. இப்படி ஓர் இரவில் மனிதக் கண்ணை ஒரு பாதுகாப்பு அடுக்காகக் கணக்கில் எழுதியதே தவறு என்பது என் எண்ணம். 67 பேர் இறந்தார்கள்.

2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள், 400 அடி உயர வித்தியாசத்துக்குள் நெருங்கிய நிகழ்வுகள் 15,214. அவற்றில் 85 முறை, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. விபத்துக்குப் பிறகு யாரோ தேடிக் கண்டுபிடித்த புதையல் அல்ல இது. அரசின் தரவுகளில் ஏற்கெனவே இருந்தவை. ராணுவம் தனக்குக் கொடுத்த வழியில் பறந்தது. கோபுரம் தன் விதிப்படி அனுமதித்தது. 85 தடவையும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் 86-ஆவதும் அப்படித்தான் போகும் என்று இரண்டு தரப்பும் இருந்துவிட்டன.

விபத்துக்குப் பின் மார்ச்சில் அந்த ஹெலிகாப்டர் வழியின் அந்தப் பகுதியை மூடினார்கள். மே 1 அன்று பென்டகனை நோக்கி வந்த இன்னொரு பிளாக் ஹாக் காரணமாக அதே விமான நிலையத்தில் இரண்டு பயணிகள் விமானங்கள் இறங்காமல் மீண்டும் மேலே ஏற வேண்டியதாயிற்று. அதை விசாரித்த அமெரிக்க செனட் குழுவின் முன் வான் போக்குவரத்து அதிகாரி ஒருவர் ஒரு தகவலைச் சொன்னார். விமான நிலையக் கோபுரத்துக்கும் பென்டகனுக்கும் நடுவே அவசரத்துக்குப் பேச ஒரு நேரடித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது. அது 2022 மார்ச் முதல் வேலை செய்யவில்லை. மே 1 வரை அது தங்களுக்குத் தெரியாது என்றார்.